‘எம்’ என்ற எழுத்தில் சிக்கிய ஊர்

என் பிரியாவிடை வைபவத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். என் புகைப்படங்கள்தான் வரவில்லை.

காரியாலயத்து இளசுகள் அதற்கென்றே ஒரு செயலி செய்திருந்தார்கள். என் சேவைக் காலத்துப் படங்களை அதில் போட்டுச் சுவரில் காட்டுவதாக ஏற்பாடு. ஒருவர் கைத்தொலைபேசியைத் தட்டினார். சுவரில் ஒரு வட்டம் சுற்றியது. நாங்கள் வட்டிலப்பம் சாப்பிட்டோம். வட்டம் சுற்றியது. முகாமையாளர் என் பொறுமையைப் புகழ்ந்து பேசினார். அப்போதும் வட்டம் சுற்றியது. அந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைத்திருக்காது. பிறகுதான் காரணம் தெரிந்தது. செயலி என் படங்களை மட்டும் எடுக்கவில்லை. நிறுவனம் தொடங்கிய நாள் முதல் எடுக்கப்பட்ட எல்லாப் படங்களையும் இறக்கிவிட்டு, அதற்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

“ராத்தா, நீங்களாவது ரெண்டு வார்த்த கதைங்க” என்று இந்த அக்காவைக் கேட்டார்கள். கூட்டத்தில் கதைப்பது எனக்கு எப்போதும் ஆகாது. எழுந்து “ஜஸாக்கல்லாஹ்” என்று நன்றி சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். கேட்டது இரண்டு வார்த்தை. நான் கொடுத்தது ஒன்று. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். எழுதுவதற்குக் கூச்சம் தேவையில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாதாரண தரம் சித்தி. அதற்கு மேல் படிக்க ஊரில் பாடசாலை இருந்தது. வீட்டில் அனுமதி இருக்கவில்லை. கல்முனையில் தட்டெழுத்து படித்தேன். பிறகு ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன். பாதிக் காலம் கணினித் திரையில் வீடு கீறவும் அதற்கு நிறம் அடிக்கவும் பழக்கினார்கள். மீதிக் காலம் மின்சாரம் இருக்கவில்லை. சான்றிதழில் ‘திறமைச் சித்தி’ என்று இருந்தது. வீட்டுக்கு நன்றாக நிறம் அடித்திருப்பேன் போலும்.

பிறகு கடல் வந்தது. சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் கரையோரத்து வீடுகள் அத்திவாரத்தோடு போயின. கடலுக்குப் பின்னால் நிறுவனங்கள் வந்தன. நான் வேலை செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொல்லவும் தேவையில்லை, அந்தக் காலத்தில் ஒரு வாளி கொடுத்தால் அதில் வாளியைவிடப் பெரிய ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தவர்களில் அவர்களும் ஒருவர். அவர்களுக்குத் தட்டெழுத்துத் தெரிந்த, வீட்டுக்குள் போய்ப் பெண்களோடு கதைக்கக்கூடிய பெண்கள் தேவைப்பட்டார்கள். எனக்குக் கூச்சம் என்று சொன்னேன். அது ஒரு தகுதி என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பொறுப்பதிகாரி காரைதீவைச் சேர்ந்த தம்பிராசா சேர். முன்பு நீர்ப்பாசனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. வரிசையில் கடைசி ஆள் போகும்வரை கதிரையில் இருக்க மாட்டார்; அவர் நிற்பதால் நாங்களும் நின்றோம், முதுகு நோவோடு அவரை மதித்தோம். கடிதம் எழுதுவதில் அவரைப் போல் இன்னொருவரைக் கண்டதில்லை. கொழும்புத் தலைமைக் காரியாலயம் மூன்று பக்கத்தில் ஏதாவது கேட்டால், “முடியாது” என்று ஒரு வரி போகும். இன்னொரு மூன்று பக்கத்துக்கு “கிடைத்தது” என்று போகும். அந்த ஒற்றைச் சொல்லை நான் தட்டெழுதி, கையொப்பம் வாங்கி, உறையில் போட்டு அனுப்புவேன். உறை கடிதத்தைவிடப் பாரமாக இருக்கும்.

அடுத்த வருஷம் கொழும்பு எங்களுக்குக் கைக்குள் அடங்கும் கருவிகள் அனுப்பியது. இன்றைய கைத்தொலைபேசிக்கு அது பெரிய வாப்பா முறை. ஒரு பிளாஸ்டிக் குச்சியால் திரையைக் குத்த வேண்டும். அதற்குள் ஒரு செயலி. மாவட்டக் கரையோரத்தில் பாதிக்கப்பட்ட எல்லாக் குடும்பங்களின் விபரமும் அதற்குள்: பெயர், அடையாள அட்டை, பிள்ளைகள், போன வீடு, போன வள்ளம், போன ஆட்கள், எல்லாம். அவ்வளவையும் ஏன் ஒரு சின்னக் கருவிக்குள் திணிக்க வேண்டும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்போது சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. சிக்னல் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று அதை நிறுத்துகிறவர்களுக்கே சரியாகத் தெரியாது. ஆகவே வேண்டியதையெல்லாம் கையிலேயே கொண்டுபோக வேண்டியிருந்தது.

காலையில் எங்கள் வேலை இப்படித் தொடங்கும். மின்பிறப்பாக்கி போட்டு ஏற்றிய பற்றரியைச் சரிபார்ப்பது. விபர அட்டையைத் துடைத்துச் செருகுவது. மணல் போகாமல் கருவியைச் சொப்பிங் பையில் சுற்றுவது. அதைச் சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பது. இது ஒரு மீன்குழம்புச் சம்பவத்துக்குப் பிறகு சேர்ந்த விதி. வீடிழந்தவர்கள் தங்கியிருந்த முகாமுக்குப் போய்க் குடையை விரித்து, குடை நிழலில் கருவியைத் திறப்பது. திறந்ததும் திரையில் ஒரு நீலக் கோடு மெதுவாக நீளும். அது முழுதாக நீண்டால்தான் முதல் ஆளின் பெயரைத் தேடலாம். கவனியுங்கள், முழுதாக நீண்டால்.

சோதனைச் சாவடியில் ஒரு நாள் ஆமிக்காரர் பையைத் திறந்து, இது என்ன என்று கேட்டார். போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். நீலக் கோடு நீளத் தொடங்கியது. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரும் குனிந்து பார்த்தார். எங்களுக்குப் பின்னால் பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் மீன் லொறி நின்றது. கடைசியில் கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டார். சண்டை நடந்த காலம் முழுவதும் எங்கள் கருவி வென்ற ஒரே இடம் அதுதான்.

செயலியைச் செய்தவர் கொழும்பிலிருந்து வந்த நிரோஷன் என்ற பொறியியலாளர். நல்ல பிள்ளை, நம்பிக்கை அதிகம். அவருடைய மடிக்கணினியில் செயலி கண் மூடித் திறக்கும் முன் திறக்கும். ஏனென்றால் அதில் இருந்தவை பத்தே குடும்பங்கள். பத்தும் அவரே கற்பனை செய்தவை. அந்தக் குடும்பங்களில் யாரும் சாகவில்லை, யாருக்கும் இரண்டு பெயர் இல்லை, எல்லோரிடமும் அடையாள அட்டை இருந்தது.

தம்பிராசா சேர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஒரு வயலுக்குத் தண்ணி விடுறதுக்கு நீங்க முழுக் குளத்தையும் வெட்டி விடுறீங்க. மதக எங்க வெச்ச நீங்க?”

“அடுத்த பதிப்புல சரியாகிடும் சேர். எழுத்து வாரியாப் பிரிச்சிருக்கேன். பெயரோட முதல் எழுத்தக் குத்தினா, அந்த எழுத்துக்காரங்க மட்டும்தான் லோட் ஆவாங்க. மொத்தத்துல இருபத்தாறில் ஒரு பங்கு.”

அந்தக் கணக்கு எங்கள் ஊருக்குப் பொருந்தாது. எங்கள் ஊருக்கு ரயில் வந்ததில்லை. அந்தக் குறையை எங்கள் ஆண்களின் பெயர்கள் தீர்த்துவைக்கின்றன: எம்.ஐ.எம்., ஏ.எல்.எம்., எம்.எம்.ஏ. என்று முன்னால் பெட்டி பெட்டியாக எழுத்துகள் வந்து, கடைசியில்தான் பெயர் வரும். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை ‘எம்’ அல்லது ‘ஏ’. இருபத்தாறு கதவுள்ள மண்டபத்தில் ஊர் முழுவதும் இரண்டு கதவால் நுழையப் போகிறது. மற்றக் கதவுகளில் ஈ ஓட்டலாம்.

அந்தப் பதிப்பு வந்த கிழமைதான் விவகாரமான கிழமை. நிரந்தர வீட்டுப் பட்டியல் வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகையோடு மூடப்படும் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் நேரில் வந்து, கருவியில் தன் பதிவைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். உறுதிப்படுத்தாத குடும்பம் பட்டியலில் இருக்காது. தகரக் கொட்டிலில் வெயிலில் வெந்துகொண்டிருப்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

திங்கட்கிழமை வரிசையில் முன்னால் நின்றவள் ஹாஜறா. இரண்டு பெண்பிள்ளைகள். புருசன் இப்றாகீம் கடலோடு போனவர். அடையாள அட்டையும் அலமாரியோடு போயிருந்தது.

“ஊட்டுத் தலைவர்ட பேரு?” என்று கேட்டேன். செயலிக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் தெரியும்.

“எம்.எம். இப்றாகீம்.”

‘எம்’ஐக் குத்தினேன். நீலக் கோடு கொஞ்சம் நீண்டது. பிறகு நின்றது. குச்சியால் குத்தினேன், விரலால் குத்தினேன். கருவி நெருப்புப் போல் சூடாகி அணைந்துபோனது. திரும்பப் போட்டேன்.

“என்ன புள்ள செய்யிது?”

“லோட் ஆகுது ராத்தா.”

“ஆகட்டும், ஆகட்டும். நான் எங்க போப்போறன்” என்றாள். பின்னேரம் வரை நின்றாள். மற்றக் கருவிகளிலும் இதே கதை. அன்று ‘எஸ்’ஸிலும் ‘கே’யிலும் தொடங்கியவர்கள் மட்டும் வீட்டுக்குத் தகுதி பெற்றார்கள்.

அன்றைக்கே சேர் தன் புகழ்பெற்ற விதியைப் போட்டார். செயலியைத் திருத்தினால், திருத்தியவர்தான் அதை முதலில் திறக்க வேண்டும். காரியாலயத்துக் குளிரூட்டிக்கு அடியில் அல்ல; முகாமில், வரிசையின் கடைசியில், குடை இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை நிரோஷன் புதிய பதிப்போடு வந்தார். இப்போது ‘எம்’ஐக் குத்தினால் ஐம்பது பெயர் மட்டும் வரும், கீழே ‘மேலும்’ என்று ஒரு பொத்தான். கருவி சாகவில்லை என்பது உண்மை. ஆனால் இப்றாகீம் எத்தனையாவது ஐம்பதில் இருக்கிறார் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பொறியியலாளர் வெயிலில் நின்று ‘மேலும்’ குத்தினார். மேலும் குத்தினார். முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, பொத்தானைவிட அவர்தான் மங்கிப்போனார். நடுவில் பற்றரி போய்விட்டால் திரும்ப முதல் ஐம்பது.

“சேர், ஒரு குடை…”

“அந்தப் பிள்ளை நேத்தையில இருந்து குடையில்லாமத்தான் நிக்கிது தம்பி” என்றார் சேர், ஹாஜறாவைக் காட்டி. அவரும் வெயிலில்தான் நின்றார்.

அந்த வரிசையை நடத்தியது நாங்கள் அல்ல. சரீபா என்ற மீனவக் குடும்பத்துப் பெண், குரலை வைத்தே நடத்திக்கொண்டிருந்தாள். “பாத்தும்மாட வளவு ஆக்கள் இஞ்சால வாங்ககா! உம்முக்குல்தூம் வளவு அந்தப் பக்கம்! டேய், நீ எந்த வளவு? அதுக்குள்ள போய் நில்லு!” என்றதும் ஆட்கள் நெல்லுக் குவியல் போல் தானாகப் பிரிந்து நின்றார்கள். ஒருவரும் எழுத்துக் கேட்கவில்லை.

நிரோஷன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். “இந்தப் பாத்தும்மா யாரு? எல்லாரும் அவங்க பேரச் சொல்றாங்க. அவங்க புருசன் பேர் என்ன?”

வரிசை சிரித்தது. சரீபா இடுப்பில் கை வைத்தாள். “அவருட பேரு ஆருக்குத் தெரியும் தம்பி? வளவு பாத்தும்மாட. அத மகள்மாருக்குப் பிரிச்சி ஊடு கட்டிக் குடுத்த. மருமகன்மாரு வந்து இரிந்தாங்க. ஒங்கட ஊர்ல என்ன, ஆம்புளைக்கா ஊடு குடுக்கிற?”

“ஆம்புளைங்க பேர்லதானே…”

“அல்லாஹ்வே! அப்ப பொம்புளப் புள்ள எங்க இரிக்கிற? பஸ் ஸ்ராண்ட்லயா?”

இதைப் படிக்கும் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். எங்கள் கரையில் வளவும், அதாவது வீடுகள் நிற்கும் காணியும், வீடும் பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். செயலி யாரை ‘வீட்டுத் தலைவர்’ என்று தேடித் திணறியதோ, அவர் எங்கள் முறைப்படி மனைவி வீட்டில் நீண்ட காலம் தங்கியிருக்கும் விருந்தாளி. முஸ்லிம் ஊர்களில் மட்டுமல்ல, காரைதீவிலும் இதே வழக்கம்.

“நானும் கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து மனிசிட வீட்டிலதான் தம்பி” என்றார் சேர். “இன்னும் நிரந்தர நியமனம் கிடைக்கல்ல.”

பெண்கள் சிரித்து முடிவதற்குள் நிரோஷனின் முகம் மாறிவிட்டது. என்னிடம் திரும்பினார். “அக்கா, நீங்க பதிவு எடுக்கும்போது வீட்டு இலக்கம் இல்லாதவங்களுக்கு முகவரியில என்ன எழுதினீங்க?”

“வளவுதான்” என்றேன். “இன்னாருட வளவு எண்டு.”

“அத நான் லோட் பண்ணவே இல்ல. ஒழுங்கில்லாத தரவுன்னு ஒதுக்கி வச்சிருந்தேன்.” கருவியைச் சேரிடம் கொடுத்துவிட்டு, “வாங்கக்கா, போவோம்” என்று வாகனத்தை நோக்கி ஓடினார். வெயில் அந்த மனிதருக்கு நல்லதே செய்தது.

புதன்கிழமை முழுவதும் நாங்கள் முகவரிகளை வளவு வளவாகச் சேர்த்தோம். அவர் செயலியை மாற்றினார். இப்போது கருவி திறந்ததும் எதையும் இழுத்துக்கொண்டு வராது. முதலில் மஹல்லாக்களின், அதாவது ஒவ்வொரு பள்ளிவாசலையும் சேர்ந்த பகுதிகளின், பெயர்கள் மட்டும். ஒன்றைக் குத்தினால் அதிலுள்ள வளவுகளின் பெயர்கள். வளவைக் குத்தினால் அதிலுள்ள ஐந்தாறு குடும்பங்கள். குடும்பத்தைக் குத்தினால்தான் அவர்களுடைய முழு விபரம். பார்க்கிற அளவுக்கு மட்டும் பாரம். இதைத்தான் இன்று பெரிய பெயர் வைத்துப் பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது வெயில் கொப்புளம்.

வியாழக்கிழமை காலை ஹாஜறா மூன்றாவது முறையாக முன்னால் நின்றாள். பட்டியல் மூடப்போகிறது என்பதும், மூடினால் தன் பிள்ளைகளுக்குத் தகரம்தான் கதி என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ராத்தா, நீங்க எந்த வளவு?”

“உம்முக்குல்தூம் வளவு. எங்கட உம்மும்மாட பேரு.”

குத்தினேன். நீலக் கோடு தோன்றியதும் மறைந்ததும் ஒன்றாக நடந்தது. அவளுடைய உம்மா, சாச்சி, தங்கச்சி குடும்பங்கள் என்று வளவே திரையில் வந்து நின்றது. நாலாவது வரியில் எம்.எம். இப்றாகீம். நான் கருவியை அவள் பக்கம் திருப்பினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு நாளும் வராதிருந்தவர் திடீரென்று முன்னால் வந்து நின்றது போல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கருவியைத் திரும்ப என் பக்கம் எடுத்துப் பெயரைக் குத்தினேன். விபரம் திறந்தது. ‘நிலை: காலமானார்.’ அதற்குக் கீழே உறுதிப்படுத்தும் கேள்வி: ‘வீட்டுத் தலைவர் நேரில் சமுகமளித்துள்ளாரா? ஓம் / இல்லை.’

‘இல்லை’ என்றால் பதிவு பட்டியலிலிருந்து நீக்கப்படும். வேறு பொத்தான் கிடையாது. அதுவரை உறுதிப்படுத்திய வீடுகளுக்குத் தலைவர்களே நேரில் வந்து நின்றதால், எல்லாவற்றையும் வேகப்படுத்திய நாங்கள் யாரும் இந்தக் கேள்வியை ஒழுங்காகப் படித்துப் பார்க்கவில்லை. அது அவ்வளவு வேகமாக வந்து சேரும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை.

குச்சியைப் பிடித்தபடி நான் சேரைப் பார்த்தேன். அவர் நிரோஷனைப் பார்த்தார். நிரோஷன் கொழும்பு இருக்கும் திசையைப் பார்த்தார்.

“என்ன கேக்குது புள்ள?” என்றாள் ஹாஜறா.

வாசித்துக் காட்டினேன். வேறு வழி இருக்கவில்லை.

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “ஊடு எனக்கு என்ட உம்மா தந்த ஊடு. அவரு நல்ல மனிசன். அல்லாஹ் அவரப் பொருந்திக்கொள்ளட்டும். ஆனா ஊட்டுக்காரி நான். திங்கக்கிழமையில இருந்து வந்து நிக்கன். கண் தெரியல்லயா அதுக்கு?”

தம்பிராசா சேர் என் தோளுக்கு மேலால் திரையைக் குனிந்து பார்த்தார். “கேள்விக்குப் பதில் வந்திட்டுதே பிள்ளை” என்றார். “ஓம் எண்டு குத்துங்க. அடுத்த ஆள்!”

குத்தினேன். பட்டியல் அஸருக்கு மூடியது. ஹாஜறா அதற்குள் இருந்தாள். கணவனை இழந்த மற்றப் பெண்களும் அதே பதிலோடு அதற்குள் இருந்தார்கள்.

ஆனால் பட்டியல் வேகமாக மூடியதே தவிர, வீடுகள் வேகமாக எழும்பவில்லை. காணி இழுபட்டது, சண்டை இழுபட்டது. சண்டை முடிந்தது. உயரமான தொலைபேசிக் கோபுரங்கள் நட்டார்கள். சிக்னல் தாராளமாக வந்தது. உடனே கொழும்பு பழைய விபரம் முழுவதையும் ஒரேயடியாக ஒரு புதிய கணினி முறைமைக்குள் இறக்கியது. அந்த முறைமைக்குக் கிடைத்த முதல் வேலை, முரண்பாடுகளைக் கண்டுபிடிப்பது. ஹாஜறாவின் வீடு நிறுத்திவைக்கப்பட்டு எங்களுக்குக் கடிதம் வந்தது. வழக்கம் போல் மூன்று பக்கம். சாரம் இதுதான்: குறித்த பதிவில் வீட்டுத் தலைவர் காலமானார் என்றும் காணப்படுகிறது, நேரில் சமுகமளித்தார் என்றும் காணப்படுகிறது, இவற்றுள் எது சரி என உடன் அறியத்தரவும். இதே கேள்வி மற்றப் பெண்களின் பதிவுகளுக்கும் கேட்கப்பட்டிருந்தது.

தம்பிராசா சேருக்கு அது வேலையில் கடைசி மாதம். கடிதத்தை நின்றபடியே வாசித்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. விளக்கம் கேட்பார்கள், பொத்தானைக் குத்தியவள் யார் என்று தேடுவார்கள், அந்தப் பெண்களுக்கு வீடு போய்விடும். “சேர், பெரிய விளக்கமா ஒண்டு எழுதுவமா?” என்று கேட்டேன். எங்கள் வழக்கம், வளவு, உம்மா மகளுக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

“அவ்வளவையும் அனுப்பினா அங்க லோட் ஆகாது பிள்ளை” என்றார். “தட்டுங்க.”

தட்டெழுத்து இயந்திரத்தில் தாளைச் செருகினேன். அவர் சொன்னதைத் தட்டினேன். கையொப்பம் வைத்தார். உறையில் போட்டேன்.

அவர் சொன்னது இரண்டே சொற்கள்: “இரண்டும் சரி.”

அதற்கு மேல் கொழும்பிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. மாரி மழைக்கு முன் ஹாஜறா புது வீட்டில் குடியேறினாள். நான் போயிருந்தேன். வாசலில் ‘எம்.எம். இப்றாகீம்’ என்று நிறுவனம் கொடுத்த பலகை மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் பெரிய ஸ்டிக்கர். பலகையின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, “இது ஹாஜறாட ஊடுதானே?” என்று ஒரு மீன்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.